திறக்காத ஆடியோ பைலுக்குள் என்ன இருக்கிறது?

உங்கள் கம்ப்யூட்டரிலும் இப்படி ஒரு பைல் இருக்கலாம். டபுள் கிளிக் செய்தால் பிளேயர் திறக்கும், ஆனால் பாடாது. நீளம் 00:00 என்று காட்டும். அல்லது "இந்த பைலைத் திறக்க முடியவில்லை" என்று ஒரு மெசேஜ் வரும். நாமும் "பைல் கெட்டுப் போச்சு" என்று டெலிட் கீயைத் தட்டிவிடுவோம். அவசரப்பட வேண்டாம். அந்த பைலுக்குள் ஒலி முழுசாக இருக்க வாய்ப்பு உண்டு. என் சொந்த அனுபவத்திலிருந்தே தொடங்குகிறேன்.

2012-ஆம் ஆண்டு. தமிழ்நாட்டில் மின்வெட்டு கடுமையாக இருந்த நேரம். நான் பள்ளியில் படித்துக் கொண்டிருந்தேன். அக்காவுக்குக் குழந்தை பிறந்து வீட்டில் தொட்டில் கட்டியிருந்தார்கள். தேவகோட்டைப் பக்கம் கிராமத்திலிருந்து வந்திருந்த அப்பத்தா, தொட்டிலை ஆட்டியபடி தாலாட்டுப் பாடுவார். அதைப் பதிவு செய்து வைக்கலாம் என்று எங்கள் டெஸ்க்டாப் கம்ப்யூட்டரில் மைக்கை மாட்டி, இலவசமாக டவுன்லோட் செய்த ஒரு சிறிய ரெக்கார்டிங் புரோகிராமை ஓட விட்டேன்.

"இதுல பாடுனா உள்ள போயிருமாய்யா?" என்று மைக்கைப் பார்த்துக் கேட்டார் அப்பத்தா.

"போயிரும் அப்பத்தா, நீ பாடு" என்றேன்.

பத்து நிமிடம் பாடியிருப்பார். கரண்ட் போய்விட்டது. வீட்டில் யு.பி.எஸ். இல்லை. கரண்ட் வந்ததும் பார்த்தால் பைல் இருந்தது, ஆனால் பாடவில்லை. நீளம் 0 விநாடி. "அடுத்த தடவை வர்றப்ப பாடுறேன்" என்று சொல்லிவிட்டு ஊருக்குப் போன அப்பத்தாவுக்கு அந்த அடுத்த தடவை வாய்க்கவில்லை. பைலை மட்டும் டெலிட் செய்ய மனசு வராமல் ஒரு ஹார்ட் டிஸ்க்கிலிருந்து இன்னொன்றுக்கு காப்பி செய்து கொண்டே வந்தேன்.

2024-ல் பழைய போல்டர்களை ஒழுங்கு செய்தபோது, அன்று தொட்டிலில் கிடந்த அக்கா மகள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். "மாமா, இது 0 செகண்டுன்னு காட்டுது. ஆனா சைஸ் 25 எம்.பி. இருக்கே? உள்ள ஒண்ணும் இல்லாம எப்படி 25 எம்.பி. வரும்?" என்று கேட்டாள். சாப்ட்வேர் இன்ஜினியர் என்று பெயர் வைத்துக் கொண்டு, இந்தக் கேள்வியை நான் கேட்கத் தவறிவிட்டேன். அன்று இரவே அந்த பைலைப் பிரித்துப் பார்த்தோம். நாங்கள் பார்த்ததை நீங்களும் உங்கள் கம்ப்யூட்டரில் பார்க்கலாம்.

ஒலி எப்படி எண்ணாக மாறுகிறது?

மைக்கில் நாம் பேசும்போது காற்றின் அழுத்தம் கூடிக் குறைகிறது. அதற்கேற்ப மைக்கிலிருந்து வரும் மின்னழுத்தமும் கூடிக் குறைகிறது. கம்ப்யூட்டரில் உள்ள சவுண்ட் கார்டு இந்த மின்னழுத்தத்தை விநாடிக்குப் பல ஆயிரம் முறை அளந்து, ஒவ்வொரு அளவையும் ஓர் எண்ணாகக் குறித்து வைக்கிறது. இப்படி எடுக்கும் ஒவ்வொரு அளவும் ஒரு சாம்பிள். விநாடிக்கு எத்தனை சாம்பிள் என்பது சாம்பிள் ரேட்.

1982-ல் விற்பனைக்கு வந்த ஆடியோ சி.டி.யில் விநாடிக்கு 44,100 சாம்பிள்கள். ஒவ்வொரு சாம்பிளும் 16 பிட், அதாவது 2 பைட். இடது, வலது என இரண்டு சேனல்கள். ஆக 44,100 x 2 x 2 = விநாடிக்கு 1,76,400 பைட். ஒரு நிமிடத்திற்கு ஏறக்குறைய 10 எம்.பி. இத்தனை சாம்பிள் ஏன்? ஒரு ஒலியின் அதிர்வெண்ணைப் போல இரண்டு மடங்குக்கு மேல் சாம்பிள் எடுத்தால்தான் அதைச் சரியாக மீட்க முடியும். மனிதக் காது ஏறக்குறைய 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். ஆகவே 40,000-க்கு மேல் தேவை. கல்லூரியில் இந்த சாம்பிளிங் தியரத்தை பரீட்சைக்காக எழுதி மார்க் வாங்கியதோடு சரி. அன்றைக்குத்தான் அது உதவியது.

எங்கள் வீட்டுப் பதிவு 22,050 சாம்பிள், 16 பிட், மோனோ. அதாவது விநாடிக்கு 44,100 பைட். பேச்சுக்கும் வாய்ப்பாட்டுக்கும் இது தாராளம்.

ஹெக்ஸ் எடிட்டர்: பைலுக்கு எக்ஸ்ரே

ஒரு பைலில் உள்ள பைட்டுகளை அப்படியே காட்டும் புரோகிராம்தான் ஹெக்ஸ் எடிட்டர். விண்டோஸில் எச்.எக்ஸ்.டி. என்னும் இலவச புரோகிராம் எளிதானது. அதில் ஒரு பைலைத் திறந்தால் மூன்று பகுதிகள் தெரியும். இடது பக்கம் இருப்பது, பைலின் தொடக்கத்திலிருந்து எத்தனையாவது பைட் என்ற இட எண். நடுவில் ஒரு வரிசைக்கு 16 பைட்டுகள். வலது பக்கம் அதே பைட்டுகள் எழுத்து வடிவில்.

நடுப்பகுதியில் எண்கள் ஹெக்ஸ் முறையில் இருக்கும். நாம் பத்து பத்தாக எண்ணுவதைப் போல இது பதினாறு பதினாறாக எண்ணும் முறை. 0 முதல் 9 வரை இலக்கங்கள், அதன் பிறகு 10 முதல் 15 வரைக்கு ஏ, பி, சி, டி, இ, எப் என்ற ஆறு எழுத்துகள். திரையில் இவை ஆங்கில எழுத்துகளாகத் தெரியும். ஒரு பைட்டுக்கு இரண்டு இலக்கம். உதாரணமாக 52 என்று இருந்தால் 5 x 16 + 2 = 82. இது ஆங்கில எழுத்து ஆர்-க்கான ஆஸ்கி எண்.

பயப்பட ஒன்றும் இல்லை. பைலை முதலில் காப்பி எடுத்துக் கொண்டு, காப்பியில் மட்டும் கை வையுங்கள். இந்த ஒரு விதியை மீறாதவரை எதுவும் கெட்டுப் போகாது.

வேவ் பைலின் தலைப்பகுதி

இப்போது உங்களிடம் உள்ள நன்றாகப் பாடும் வேவ் பைல் ஒன்றைத் திறந்து பாருங்கள். முதல் நான்கு பைட்டுகள் 52 49 46 46 என்று இருக்கும். வலது பக்கம் ஆர், ஐ, எப், எப் என்ற நான்கு எழுத்துகள் தெரியும். 'ரிப்' என்று படிக்க வேண்டும். 1991-ல் மைக்ரோசாப்டும் ஐ.பி.எம்.மும் சேர்ந்து வெளியிட்ட அமைப்பு இது. இதற்கு முன்மாதிரி, 1985-ல் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனம் உருவாக்கிய ஐ.எப்.எப். என்ற அமைப்பு. ரிப் ஒலிக்கு மட்டுமானது அல்ல. ஏ.வி.ஐ. வீடியோ பைல்களும், இன்டர்நெட்டில் அதிகம் காணப்படும் வெப்-பி படங்களும் இதே நான்கு எழுத்தில்தான் தொடங்கும்.

இதன் அடிப்படை எளிமையானது. பைல் முழுவதும் துண்டு துண்டாக இருக்கும். ஒவ்வொரு துண்டுக்கும் முதலில் நான்கெழுத்துப் பெயர், அடுத்து நான்கு பைட்டில் அந்தத் துண்டின் அளவு, அதன் பிறகு சரக்கு. சாதாரண வேவ் பைலில் முதல் 44 பைட்டுகள் இப்படி அமைந்திருக்கும். எண்ணிக்கை 0-விலிருந்து தொடங்குகிறது.

0 முதல் 3 வரை: ரிப் என்ற பெயர்.
4 முதல் 7 வரை: இதற்குப் பின் வரும் பைட்டுகளின் எண்ணிக்கை. பைலின் மொத்த அளவில் 8 குறைவு.
8 முதல் 11 வரை: வேவ் என்ற நான்கெழுத்து. 57 41 56 45.
12 முதல் 15 வரை: எப், எம், டி என்ற மூன்று எழுத்தும் ஓர் இடைவெளியும். பார்மட் துண்டு இங்கே தொடங்குகிறது.
16 முதல் 19 வரை: பார்மட் துண்டின் அளவு. 16.
20, 21: ஒலியின் வகை. சுருக்கப்படாத பி.சி.எம். என்றால் 1.
22, 23: சேனல்கள். மோனோ 1, ஸ்டீரியோ 2.
24 முதல் 27 வரை: சாம்பிள் ரேட்.
28 முதல் 31 வரை: விநாடிக்கு எத்தனை பைட்.
32, 33: எல்லா சேனலும் சேர்ந்த ஒரு சாம்பிளுக்கு எத்தனை பைட்.
34, 35: ஒரு சாம்பிளுக்கு எத்தனை பிட்.
36 முதல் 39 வரை: டேட்டா என்ற நான்கெழுத்து. 64 61 74 61.
40 முதல் 43 வரை: ஒலியின் மொத்த அளவு, பைட்டில்.
44-லிருந்து: ஒலி. சாம்பிள்கள் வரிசையாக, பைல் முடியும் வரை.

ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். இந்த எண்கள் தலைகீழாக எழுதப்பட்டிருக்கும். சிறிய பைட் முதலில், பெரிய பைட் கடைசியில். இன்டெல் பிராசசர்களின் வழக்கம் இது, லிட்டில் எண்டியன் என்று பெயர். எங்கள் பைலில் சாம்பிள் ரேட் இருக்க வேண்டிய இடத்தில் 22 56 00 00 என்று இருந்தது. பின்னாலிருந்து படித்தால் 00 00 56 22. ஹெக்ஸில் 5622 என்பது நம் கணக்கில் 22,050. சரியாக வருகிறது அல்லவா? அக்கா மகள் கால்குலேட்டரில் போட்டுப் பார்த்துத் துள்ளிக் குதித்தாள்.

கோளாறு எங்கே?

சேனல் 1, சாம்பிள் ரேட் 22,050, பிட் 16. எல்லாம் ஒழுங்காக இருந்தன. இரண்டே இரண்டு இடங்களில்தான் வித்தியாசம். 4-ஆம் பைட்டிலிருந்து நான்கும், 40-ஆம் பைட்டிலிருந்து நான்கும் 00 00 00 00 என்று இருந்தன. இரண்டுமே அளவு எழுதும் இடங்கள்.

எங்கள் பக்கத்தில் விசேஷ வீடுகளில் மொய் நோட்டு எழுதுவதைப் பார்த்திருப்பீர்கள். முதல் பக்கத்தில் 'மொத்தம்' என்று எழுதி அந்த இடத்தைக் காலியாக விடுவார்கள். வருகிறவர்கள் பெயரும் தொகையும் வரிசையாக எழுதப்படும். பந்தி முடிந்து கூட்டிப் பார்த்த பிறகுதான் முதல் பக்கத்தில் மொத்தத்தை நிரப்புவார்கள். ரெக்கார்டிங் புரோகிராமும் இதையேதான் செய்கிறது. நீங்கள் எவ்வளவு நேரம் பாடப் போகிறீர்கள் என்று அதற்குத் தெரியாது. ஆகவே அளவு எழுதும் இடத்தில் 0 போட்டுவிட்டு, சாம்பிள்களைத் தொடர்ந்து எழுதிக் கொண்டே போகும். நீங்கள் ஸ்டாப் பட்டனை அழுத்தியதும் பைலின் தொடக்கத்திற்குத் திரும்பி வந்து மொத்தத்தை நிரப்பும்.

ஸ்டாப் அழுத்துவதற்கு முன் கரண்ட் போனால்? எழுதிய கணக்கெல்லாம் நோட்டில் இருக்கும், முதல் பக்கத்தில் மொத்தம் மட்டும் காலி. பிளேயர் முதல் பக்கத்தைப் பார்த்து "மொத்தம் 0" என்று நம்பி, 0 விநாடி பாடிவிட்டு நின்றுவிடும். பன்னிரண்டு வருடமாக எங்கள் வீட்டில் நடந்தது இதுதான். காலியாக இருந்தது எட்டு பைட். மீதி 2 கோடியே 67 லட்சத்துச் சொச்சம் பைட்டுகள் அப்படியே இருந்தன.

சரி செய்த விதம்

1. பைலின் காப்பி ஒன்றை எடுத்துக் கொள்ளுங்கள். இனி எல்லா வேலையும் காப்பியில்தான்.

2. காப்பியின் மீது ரைட் கிளிக் செய்து புராபர்ட்டீஸ் பாருங்கள். அதில் பைலின் அளவு பைட்டில் துல்லியமாக இருக்கும். கீழே 'சைஸ் ஆன் டிஸ்க்' என்று இன்னோர் எண்ணும் இருக்கும். அது வேண்டாம். எங்கள் பைலின் அளவு 2,67,55,116 பைட்.

3. இதிலிருந்து 8-ஐக் கழித்தால் முதல் இடத்திற்கான எண்: 2,67,55,108. 44-ஐக் கழித்தால் இரண்டாவது இடத்திற்கான எண்: 2,67,55,072.

4. விண்டோஸ் கால்குலேட்டரை புரோகிராமர் என்ற வகைக்கு மாற்றி, ஒவ்வொரு எண்ணையும் கொடுத்து ஹெக்ஸ் மதிப்பைப் பாருங்கள். எங்களுக்கு வந்தவை 1984024, 1984000. எழுத்து எதுவும் இல்லாததால் இவை சாதாரண எண்கள் என்று ஏமாற வேண்டாம். இவையும் ஹெக்ஸ்தான்.

5. முன்னால் 0 சேர்த்து எட்டு இலக்கமாக்கி, இரண்டிரண்டாகப் பிரியுங்கள். முதலாவது 01 98 40 24. இரண்டாவது 01 98 40 00. இப்போது வரிசையைத் திருப்புங்கள். முதலாவது 24 40 98 01. இரண்டாவது 00 40 98 01.

6. ஹெக்ஸ் எடிட்டரின் கீழ்ப்பட்டையில் ஓவர்ரைட் என்று இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் இன்சர்ட் கீயை ஒருமுறை தட்டுங்கள். நாம் இருக்கும் பைட்டுகளின் மேல் எழுத வேண்டும். புதிதாகச் சேர்த்துவிட்டால் எல்லாம் இடம் நகர்ந்துவிடும்.

7. முதல் வரிசையில் 04 என்ற நெடுவரிசையில் கர்சரை வைத்து 24 40 98 01 என்று தட்டுங்கள். அடுத்து மூன்றாவது வரிசைக்கு வாருங்கள். அதன் இட எண் 20 என்று முடியும். ஹெக்ஸில் 20 என்றால் நம் கணக்கில் 32. அதில் 08 என்ற நெடுவரிசைதான் 40-ஆம் பைட். அங்கே 00 40 98 01 என்று தட்டுங்கள். சேவ் செய்யுங்கள். அவ்வளவுதான்.

2,67,55,072-ஐ 44,100-ஆல் வகுத்தால் 606 விநாடிக்குச் சற்று அதிகம். அதாவது 10 நிமிடம் 6 விநாடி. பிளேயரில் திறந்தபோது 10:06 என்று காட்டியது.

ஓர் எச்சரிக்கை. எல்லா வேவ் பைலிலும் தலைப்பகுதி சரியாக 44 பைட்டில் முடியாது. சில ரெக்கார்டர்கள் தேதி, கருவியின் பெயர் போன்ற விவரங்களுக்குக் கூடுதல் துண்டுகளை நடுவில் செருகும். ஆகவே 44 என்று கண்ணை மூடிக் கொண்டு கணக்குப் போடாமல், டேட்டா என்ற நான்கெழுத்து எங்கே இருக்கிறது என்று தேடிப் பாருங்கள். அது தொடங்கும் இட எண்ணோடு 8-ஐக் கூட்டினால் ஒலி தொடங்கும் இடம். பைலின் அளவிலிருந்து இதைக் கழித்தால் ஒலியின் அளவு. பாதியில் நின்ற பதிவில் டேட்டாதான் கடைசித் துண்டாக இருக்கும் என்பதால் இந்தக் கணக்கு பொருந்தும்.

தலைப்பகுதியே இல்லாவிட்டால்?

சில சமயம் தலைப்பகுதி முழுவதும் அழிந்து போயிருக்கலாம். அப்போதும் வழி உண்டு. ஆடாசிட்டி என்ற இலவச ஆடியோ எடிட்டரில் பைல் மெனு, இம்போர்ட், ரா டேட்டா என்று செல்லுங்கள். எந்தத் தலைப்பகுதியையும் நம்பாமல், நீங்கள் சொல்லும் விவரத்தை வைத்து பைட்டுகளை ஒலியாக்கும் வசதி இது. 16 பிட் பி.சி.எம்., லிட்டில் எண்டியன், 1 சேனல், 22,050 என்று கொடுத்துப் பாருங்கள்.

விவரம் தெரியாவிட்டாலும் காது சொல்லிவிடும். குரல் கீச்சுக் கீச்சென்று வேகமாக ஓடினால் சாம்பிள் ரேட்டை அதிகமாகக் கொடுத்துவிட்டீர்கள். பேய்க்குரல் போல இழுத்தால் குறைவாகக் கொடுத்துவிட்டீர்கள். வெறும் இரைச்சல் மட்டும் வந்தால், தொடங்கும் இடம் ஒரு பைட் தள்ளியிருக்கலாம். 16 பிட் ஒலியில் இரண்டிரண்டு பைட்டாகச் சேர்த்துப் படிக்க வேண்டும். 44-க்குப் பதில் 45-லிருந்து தொடங்கினால் ஒரு சாம்பிளின் பின்பாதியும் அடுத்த சாம்பிளின் முன்பாதியும் ஜோடி சேர்ந்து, பாட்டு இரைச்சலாகிவிடும். வால்யூமைக் குறைத்து வைத்துக் கொண்டு முயற்சி செய்யுங்கள்.

எம்பி3 வேறு ரகம்

பாதி டவுன்லோடில் நின்று போன எம்பி3 பைலை ஓட விட்டிருக்கிறீர்களா? வந்த வரைக்கும் பாடும். வேவ் பைலுக்கு வந்த சங்கடம் அதற்கு வராது. காரணம் அதன் அமைப்பு.

எம்பி3 பைலில் ஒட்டுமொத்தமாக ஒரே தலைப்பகுதி கிடையாது. ஒலி முழுவதும் பிரேம் என்ற சிறு சிறு பொட்டலங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கும். 44,100 சாம்பிள் ரேட்டில் உள்ள எம்பி3-யில் ஒரு பிரேமில் 1,152 சாம்பிள்களுக்கான விவரம் இருக்கும். நேரக் கணக்கில் ஏறக்குறைய 26 மில்லி விநாடி. ஒவ்வொரு பிரேமின் முதல் நான்கு பைட்டும் அந்தப் பிரேமுக்கான தலைப்பகுதி. அதன் முதல் 11 பிட்டுகளும் 1-ஆக இருக்கும். அதனால்தான் எம்பி3 பைலை ஹெக்ஸ் எடிட்டரில் திறந்தால் எப்எப் எப்பி என்ற ஜோடி திரும்பத் திரும்பக் கண்ணில் படும். 128 கே.பி.பி.எஸ். பைலில் 417 அல்லது 418 பைட்டுக்கு ஒருமுறை வரும். நடுவில் கொஞ்சம் கெட்டுப் போனாலும் பிளேயர் அடுத்த ஜோடியைத் தேடிப் பிடித்துக் கொண்டு தொடர்ந்து பாடும்.

பாட்டின் பெயர், பாடியவர் பெயர் எல்லாம் எங்கே? பைலின் கடைசி 128 பைட்டைப் பாருங்கள். 54 41 47, அதாவது டேக் என்ற மூன்றெழுத்தில் தொடங்கினால் அது 1996-ல் வந்த ஐடி3 முதல் பதிப்பு. பாட்டுக்கு 30 பைட், பாடியவருக்கு 30, ஆல்பத்திற்கு 30, ஆண்டுக்கு 4, குறிப்புக்கு 30, இசை வகைக்கு 1. இதில் தமிழுக்கு இடமில்லை. யூனிகோடு தமிழை யு.டி.எப்-8 முறையில் எழுதினால் 'தாலாட்டு' என்ற ஒரே சொல்லுக்கு 24 பைட் போய்விடும். 1998-ல் வந்த இரண்டாம் பதிப்பு பைலின் தொடக்கத்தில் இருக்கும். அதில் நீளக் கட்டுப்பாடு தளர்ந்தது, யூனிகோடுக்கும் வழி பிறந்தது. ஒரே பாட்டின் பெயர் ஒரு பிளேயரில் சரியாகவும் இன்னொன்றில் பொம்மை எழுத்தாகவும் தெரிந்தால், அவை இரண்டும் வேறு வேறு டேக்கைப் படிக்கின்றனவா என்று பாருங்கள்.

போனில் பதிவு செய்கிறவர்களுக்கு

இப்போது பலரும் பதிவு செய்வது மொபைல் போனில்தான். அதில் பெரும்பாலும் எம்.4.ஏ. என்ற வகை பைல் உருவாகும். எம்பி4 வீடியோவின் அதே அமைப்பு. இதில் எம்டேட் என்ற பெட்டியில் ஒலி இருக்கும். மூவ் என்ற பெட்டியில் எந்தப் பொட்டலம் எங்கே, எவ்வளவு நீளம் என்ற அட்டவணை இருக்கும். இந்த மூவ் பெட்டி வழக்கமாகப் பதிவு முடிந்த பிறகு கடைசியில் எழுதப்படும். நடுவில் பேட்டரி தீர்ந்தால் ஒலி இருக்கும், அட்டவணை இருக்காது. எம்பி3 போல ஒவ்வொரு பொட்டலத்திற்கும் அடையாளக் குறி இல்லாததால், நாம் செய்ததைப் போல எட்டு பைட்டைத் தட்டி இதைச் சரி செய்ய முடியாது. அதே போனில், அதே செட்டிங்கில் பதிவான நல்ல பைல் ஒன்றை மாதிரியாகக் கொடுத்தால் அட்டவணையை ஊகித்து எழுதித் தரும் புரோகிராம்கள் இருக்கின்றன. ஆகவே திறக்காத எம்.4.ஏ. பைலையும் அவசரப்பட்டு அழிக்காதீர்கள்.

வீட்டுப் பெரியவர்களின் குரலைப் பதிவு செய்வதாக இருந்தால் மூன்று விஷயங்கள். பேட்டரி முழுசாக இருக்கட்டும். ஒரே மூச்சாக ஒரு மணி நேரம் ஓட விடாமல், பத்து நிமிடத்திற்கு ஒருமுறை நிறுத்தி புதிய பைலாகத் தொடங்குங்கள். முடிந்ததும் அவர்கள் எதிரிலேயே ஒருமுறை ஓட விட்டுப் பாருங்கள். அவர்களுக்கும் சந்தோஷம், உங்களுக்கும் நிச்சயம்.

முதல் நான்கு பைட்டே ஜாதகம்

பைலின் பெயரில் உள்ள எக்ஸ்டென்ஷனை யாரும் மாற்றி வைக்கலாம். உள்ளே உள்ள பைட் பொய் சொல்லாது. ஹெக்ஸ் எடிட்டரின் வலது பக்கத்தில் முதலில் என்ன தெரிகிறது என்று பாருங்கள்.

ரிப், எட்டு பைட் தள்ளி வேவ்: வேவ் பைல்.
ஐடி3, அல்லது நேராக எப்எப் எப்பி: எம்பி3.
எப், எல், ஏ, சி: ஒலியின் தரம் குறையாமல் சுருக்கும் பிளாக் பைல்.
ஓ, ஜி, ஜி, எஸ்: ஆக் பைல். ஆண்ட்ராய்டு போனில் ஓபஸ் என்று சேவ் ஆகும் வாட்ஸ்அப் குரல் பதிவுகளும் இந்த வகைதான்.
நான்கு பைட் தள்ளி எப், டி, ஒய், பி: எம்.4.ஏ. அல்லது எம்பி4.

எம்பி3 என்று பெயர் வைத்த பைல் பாட மறுத்தால் முதலில் இந்தச் சோதனையைச் செய்யுங்கள். அது உண்மையில் எம்.4.ஏ. ஆக இருந்தால், எக்ஸ்டென்ஷனை மட்டும் சரியாக மாற்றினாலே பாடிவிடலாம்.

கடைசியாக...

எங்கள் பைலின் இறுதிப் பகுதியையும் ஹெக்ஸ் எடிட்டரில் பார்த்தேன். கடைசி நான்கு விநாடி அளவுக்கு வெறும் 00 மட்டுமே இருந்தது. பைலுக்கு இடம் ஒதுக்கியாகிவிட்டது, அந்த இடத்தில் சாம்பிள்கள் போய்ச் சேரும் முன் கரண்ட் போயிருக்கிறது. மைக் இணைந்திருக்கும்போது அறை எவ்வளவு அமைதியாக இருந்தாலும் சாம்பிள்கள் தொடர்ந்து 0-வாக இருக்காது. சின்னச் சின்ன எண்களாக ஆடிக் கொண்டேதான் இருக்கும். ஆகவே இது அப்பத்தா பாடாமல் நிறுத்திய இடமல்ல, வட்டில் எழுதப்படாத இடம். அதை எந்த புரோகிராமாலும் மீட்க முடியாது. தாலாட்டின் கடைசி வரி பாதியில் நிற்கிறது.

மற்றபடி எல்லாம் இருக்கிறது. முதலில் பேன் சத்தம். பிறகு நாற்காலியை இழுக்கும் ஓசை. அதன் பிறகு, நான் ரெக்கார்டு பட்டனை முன்னாலேயே அழுத்திவிட்டதால், அந்தக் கேள்வியும் பதிவாகியிருந்தது. "இதுல பாடுனா உள்ள போயிருமாய்யா?"

அக்கா மகள் ஹெட்போனை மாட்டிக் கொண்டு முழுப் பாட்டையும் கேட்டாள். தன்னைத் தூங்க வைக்கப் பாடிய பாட்டை அவள் விழித்திருந்து கேட்டது அன்றுதான். அக்கா இரண்டாவது முறை கேட்க முடியாமல் எழுந்து போய்விட்டார். மறுநாள் அந்த பைலை மூன்று இடங்களில் காப்பி எடுத்து வைத்தோம். எட்டு பைட் காலியாக இருந்த பழைய பைலையும் கூடவே வைத்திருக்கிறேன்.

உங்கள் பழைய ஹார்ட் டிஸ்க்கிலும், சி.டி.யிலும், பென் டிரைவிலும் 00:00 என்று காட்டும் பைல் ஏதாவது இருக்கிறதா? அதன் சைஸைப் பாருங்கள். சைஸ் 0 இல்லை என்றால் டெலிட் செய்வதற்கு முன் ஒருமுறை உள்ளே எட்டிப் பாருங்கள்.